களிம்பு தோற்றதா, நாம் குறைத்துப் பூசினோமா?

ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கிற ஒருவருக்கு முழங்கையில் வெள்ளிச் செதிலோடு சிவப்பாகப் படை கிளம்பினால், வைத்தியத்துக்கு அவர் முன்னால் இரண்டு திசைகள் இருக்கின்றன. தடாவில் ரயிலேறித் தெற்கே வந்தால் சென்னை சென்ட்ரல். சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மேற்கே பஸ் பிடித்தால் காளஹஸ்தி தாண்டித் திருப்பதி. அங்கே ருயா, சுவிம்ஸ் மருத்துவமனைகள். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் கால் தானாகப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் வழியில் இருக்கிற மெடிக்கல் ஷாப். "படைக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்றால் பதினைந்து கிராம் டியூப் ஒன்று கைக்கு வரும். இரண்டு வாரம் கழித்து, "ஆயின்மென்ட்டுக்குக் கேக்கல, ஊசிதான் போடணும்" என்ற முடிவும் வந்துவிடும்.

அந்த முடிவு சரிதானா என்பதே இந்த வாரக் கேள்வி.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், 2008-ல் தொடங்கிய தொழில் நகரம் ஸ்ரீ சிட்டி. சத்தியவேடும் வரதய்யபாளையமும் அப்போது சித்தூர் மாவட்டம், தடா நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாம் திருப்பதி மாவட்டம். கார், மெட்ரோ ரயில் பெட்டி, ஏசி, சாக்லேட், பற்பசை என்று அங்கே செய்யாத பொருள் குறைவு. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தமிழும், சூலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கும் பேசுவார்கள். சத்தியவேடு, நாகலாபுரத்துக்காரர்களுக்கு இரண்டும் வரும். வெள்ளிச் செதிலோடு கிளம்பும் இந்தப் படைக்குச் சோரியாசிஸ் என்று பெயர். இந்தியாவில் அது 0.44 முதல் 2.8 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையென்றால் குறைந்தது நான்கு பேர், கூடினால் இருபத்தெட்டு பேர். முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதால் பக்கத்து மெஷின்காரருக்குத் தெரிவதில்லை.

இது தொற்றுநோய் இல்லை. ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே துண்டு, ஒரே தட்டு, எதனாலும் பரவாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தூண்டிவிடுவதால் வருவது. சாதாரணமாக மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். சோரியாசிஸ் படையில் அதே வேலை மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து செதிலாகின்றன. நோயாளிகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேருக்கு இருப்பது இந்தத் தட்டைப் படை வகைதான். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். தொண்டைப் புண், மது, புகை, மன உளைச்சல், சில இரத்த அழுத்த மாத்திரைகள், மலேரியா மாத்திரைகள் இதைக் கிளறிவிடும். தோல் உரசுகிற இடத்திலும் காயம் பட்ட இடத்திலும் புதிதாகப் படை முளைப்பது இதன் குணம். கையுறையின் விளிம்பும் ஹெல்மெட் பட்டையும் நாள் முழுக்க உரசுகிற வேலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான தகவல்.

பதினைந்து கிராம் கணக்கு

களிம்பின் மீதான புகாரை விசாரிக்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். நம் ஒரு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்தால், உடல் தோலில் ஏறத்தாழ ஒரு சதவீதம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஒருவருக்கு ஆறு உள்ளங்கை அளவு படை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம், காலையும் இரவும் பூசினால் நாளுக்கு மூன்று கிராம். பதினைந்து கிராம் டியூப் ஐந்தே நாளில் தீர்ந்துவிட வேண்டும். நம் வீடுகளில் அது ஒரு மாதம் வருகிறது! மருந்தில் ஆறில் ஒரு பங்கைப் பூசிவிட்டு, மருந்து தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறோம். பூசும் மருந்தைப் பற்றிய புகார்களில் கணிசமானவை இந்தக் கணக்கில் கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எந்தக் களிம்பு என்பது. சோரியாசிஸுக்குப் பூசுவதில் முதுகெலும்பு இரண்டு: ஸ்டீராய்டு களிம்புகளும், வைட்டமின் டி-யின் உறவான கால்சிபோட்ரியாலும். ஸ்டீராய்டு வேகமாக அடக்கும். கால்சிபோட்ரியால் மெதுவாக வேலை செய்யும், ஆனால் தோலை மெலிய வைக்காது. இரண்டும் சேர்ந்த களிம்பு தனித்தனியாகப் பூசுவதைவிட நன்றாகக் கேட்கிறது. படை அடங்கிய பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசிக் கட்டுக்குள் வைத்திருக்கும் முறையும் உண்டு. செதில் தடித்திருந்தால் முதலில் அதை இளக்க சாலிசிலிக் அமிலம். ஆனால் அதைக் கால்சிபோட்ரியாலோடு ஒன்றாகப் பூசினால் பின்னது செயலிழந்துவிடும். முகம், அக்குள், தொடை இடுக்கு போன்ற மென்மையான இடங்களில் வீரியமான ஸ்டீராய்டு கூடாது. அங்கே டாக்ரோலிமஸ் போன்றவை. தலைக்குக் களிம்பு ஒத்துவராது, லோஷனோ ஷாம்புவோ வேண்டும். நம் ஊர்த் தேங்காய் எண்ணெய் செதிலை இளக்கும் அளவுக்கு நல்லதுதான். பிசுபிசுப்பான ஆயின்மென்ட்டைப் படுக்கும்முன் பூசி, சட்டையில் ஒட்டாத கிரீமையோ லோஷனையோ ஷிஃப்ட்டுக்கு முன் பூசுவது யூனிஃபார்ம்காரர்களுக்கு வசதி. இப்படிப் பிரித்து எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

ஸ்டீராய்டில் எச்சரிக்கையும் வேண்டும். குளோபீட்டசால் போன்ற மிக வீரியமானதைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், வாரத்துக்கு ஐம்பது கிராமுக்கு மேல் பூசக்கூடாது. மீறினால் தோல் காகிதம்போல் மெலியும், வரிவரியாகத் தழும்பு விழும், நிறுத்தியதும் நோய் சீறிக்கொண்டு திரும்பும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தரும் டியூப்களில் ஸ்டீராய்டும் காளான் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கூட்டுக் களிம்புகள் அதிகம். சோரியாசிஸுக்கு அந்தக் கலவையால் பயனில்லை. தோல் மருத்துவர் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கவுண்டரில் அது எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை வாசகரே சொல்வார்.

பூசும் மருந்தின் வரலாற்றில் இந்தியாவைத் தொட்டுப்போகும் ஒரு கிளைக்கதை உண்டு. பிரேசில் நாட்டு அரரோபா மரத்தின் தண்டுக்குள் கிடைத்த மஞ்சள் தூளைப் போர்த்துகீசியர்கள் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். படர்தாமரைக்கு அது நன்றாகக் கேட்டதால் 'கோவா பவுடர்' என்று பெயர் பெற்றது. லண்டன் மருத்துவர் பால்மானோ ஸ்கொயர் 1876-ல் அது சோரியாசிஸுக்கும் கேட்கிறது என்று எழுதினார். முதல் உலகப்போரில் தூள் வரத்து நின்றுபோக, ஜெர்மானியர்கள் 1916-ல் அதற்கு மாற்றாகச் செயற்கையாகச் செய்ததுதான் டித்ரனால். தோலையும் துணியையும் கறையாக்கும் என்பதால் இன்று ஆளில்லை. ஆனால் வேலை செய்யும் மருந்து. நிலக்கரித் தாரும் அப்படித்தான், நாற்றத்தால் தோற்றது. நம் பக்கத்துச் சித்த மருத்துவம் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊதா நிறமாக எடுக்கும் தைலத்தைத் தருகிறது. லேசான படைக்கு அதைப் பூசி நிம்மதியடைந்தவர்கள் நிறைய. உடலெங்கும் பரவியவர் அதை மட்டுமே நம்பி வருஷங்களைக் கழிப்பது வேறு விஷயம்.

எந்த ஊசி?

ஊசிக்கு வருவோம். சோரியாசிஸ்காரர் "ஊசி போட்டேன்" என்று சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

முதலாவது, பெயர் சொல்லாமல் போடும் ஊசி. சந்து கிளினிக்கில் இடுப்பில் போடுவது பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். சில நாளில் தோல் பளிச்சென்று ஆகும், அந்த டாக்டர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். மருந்தின் பிடி விட்டதும் படை இருமடங்காகத் திரும்பலாம். சிலருக்கு உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாகவோ, தலை முதல் கால் வரை சிவந்து உரிவதாகவோ மாறி ஐ.சி.யூ. வரை இழுத்துப் போகும். தோல் மருத்துவர் தடித்த ஒரே ஒரு படைக்குள்ளேயோ நகத்தடியிலோ சிறிதளவு ட்ரையாம்சினோலோன் செலுத்துவது இதில் சேராது; அது முறையான வைத்தியம். இடுப்பில் போட்டு உடல் முழுக்க ஓடவிடும் ஸ்டீராய்டு ஊசிதான் தட்டைப் படை சோரியாசிஸுக்கு ஆகாது. ஊசிக்கு முன் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்ல மறுக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

இரண்டாவது, மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்துக்கு நம் எல்லைப்புறத்தின் இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடலாம். 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ், சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கதர் அணிந்து வந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவிட்டுப் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு உருவாக்கியவைதான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுக்கப்பட்டது. 1948-ல் சுப்பாராவ் இறந்தார். மூன்று ஆண்டுக்குப் பிறகு, மூட்டு நோய்க்காரர்களுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்த ரிச்சர்ட் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் ஒருவருடைய சோரியாசிஸ் மறைவதைக் கவனித்தார். தான் செய்த மருந்து தோல் நோயாளிகளுக்கும் உதவும் என்பது சுப்பாராவுக்குத் தெரியாது. ராஜீவ் காந்தி மருத்துவமனையின் தோல் புறநோயாளிப் பிரிவில் மெத்தோட்ரெக்சேட்டுக்குச் சீட்டு எழுதப்படும் ஒவ்வொரு முறையும், அவருக்கு முழுப் பட்டம் தராத கல்லூரியின் வளாகத்திலேயே அது எழுதப்படுகிறது.

மெத்தோட்ரெக்சேட்டை மாத்திரையாகவும் கொடுக்கலாம், தோலுக்கடியில் ஊசியாகவும் போடலாம். அளவு பதினைந்து மில்லிகிராமைத் தாண்டினால் குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை, குமட்டலும் கூடும். அப்போது ஊசி மேல். ஐரோப்பாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை ஊசியாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்குப் பதினாறாம் வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தது. பொய் ஊசி போட்டவர்களில் அது 10 பேர். விலையும் மலிவு. பதிலுக்கு அது கேட்பது ஒழுக்கம்: இடையிடையே இரத்தப் பரிசோதனை, ஃபோலிக் அமில மாத்திரை, மதுவை விடுவது. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க நினைப்பவர்களும் தொடவே கூடாது; ஏராளமான இளம்பெண்கள் வேலை செய்யும் ஸ்ரீ சிட்டியில் இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து. தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. சீட்டில் கிழமையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பத்திரிகைகள் புகழும் பயாலஜிக் ஊசி. மெத்தோட்ரெக்சேட் தெரு முழுக்கக் கரன்ட்டை நிறுத்துகிறது என்றால், பயாலஜிக் அந்த ஒரு வீட்டின் ஃபியூஸை மட்டும் பிடுங்குகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்று அழற்சியைக் கடத்தும் புரதங்களில் ஒன்றைக் குறிவைத்துத் தடுக்கும் எதிர்ப்பான்கள் இவை. அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. செக்குகினுமாப் முதல் ஐந்து டோஸ் வாரா வாரம், பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. உஸ்டெகினுமாப் முதல் இரண்டு டோஸுக்குப் பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பலன் பெரிது. அடாலிமுமாப்பையும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையையும் நேருக்கு நேர் நிறுத்திய 'சாம்பியன்' ஆய்வில், பதினாறு வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தவர்கள் முறையே 80, 36 சதவீதம். பொய் மருந்தில் 19. செக்குகினுமாப்பின் பெரிய ஆய்வுகளில் பன்னிரண்டே வாரத்தில் 77, 82 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு: பெங்களூரு பயோகான் 2013-ல் இட்டோலிசுமாப்பைக் கொண்டுவந்தது, அடாலிமுமாப்பின் உலகின் முதல் நகல் மருந்தை அகமதாபாத் சைடஸ் 2014 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது.

எண்பதையும் நாற்பதையும் ஒப்பிடாதீர்கள்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரோஃப்ளுமிலாஸ்ட் என்ற புதிய களிம்பின் இரண்டு ஆய்வுகளிலும் எட்டு வாரத்தில் படை மறைந்தோ அநேகமாக மறைந்தோ போனவர்கள் 42, 38 சதவீதம். ஊசிக்கு 80, களிம்புக்கு 40; ஆகவே ஊசி இருமடங்கு மேல் என்று சொல்லத் தோன்றும். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஊசி ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பத்து உள்ளங்கைக்கு மேல் படை உள்ளவர்கள். களிம்பு ஆய்வில் பலருக்கு நான்கைந்து உள்ளங்கை. ஊசியில் "முக்கால் பங்கு குறைந்ததா" என்று கேட்டார்கள். களிம்பில் "கிட்டத்தட்ட இல்லாமலே போனதா" என்று, அதைவிடக் கடுமையாகக் கேட்டார்கள். வாரக்கணக்கும் வேறு. ஊசியையும் களிம்பையும் ஒரே மாதிரி நோயாளிகளிடம் நேருக்கு நேர் மோதவிடுவது அபூர்வம், ஏனென்றால் அவை ஒரே நோயாளிக்கான போட்டி மருந்துகள் இல்லை.

அப்படியானால் யாருக்கு எது? சர்வதேச சோரியாசிஸ் கவுன்சில் 2020-ல் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்ற பழைய படிக்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றே கேள்விகள் கேட்கச் சொன்னது. பத்து உள்ளங்கைக்கு மேல் படை இருக்கிறதா? முகம், உள்ளங்கை, பாதம், பிறப்புறுப்பு, தலை, நகம் போன்ற இடங்களில் இருக்கிறதா? பூசும் மருந்தை ஒழுங்காகப் பூசியும் கேட்கவில்லையா? ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மாத்திரைக்கோ ஊசிக்கோ தகுதி உண்டு. இல்லையென்றால் களிம்பே போதும். மூன்றாம் கேள்வியில் உள்ள 'ஒழுங்காக' என்பதற்காகத்தான் பதினைந்து கிராம் கணக்கை அத்தனை நீட்டினேன். இரண்டாம் கேள்வி தொழிலாளிக்கு முக்கியம்: உள்ளங்கையில் வெடித்த படை உடலில் இரண்டே சதவீதமாக இருக்கலாம், ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு அது முழு வேலையும்தான்.

மூட்டு வலி தனி வழக்கு. சோரியாசிஸ்காரர்களில் பத்தில் மூன்று பேருக்கு வரை மூட்டு வாதம் வரலாம். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல்கள் விறைத்திருப்பது, குதிகால் வலி, ஒரு விரல் மட்டும் முழுதாக வீங்குவது ஆகியவை அடையாளம். அதைத் தோலில் பூசி எட்ட முடியாது. தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும். படை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இவர் களிம்பு வரிசையில் காத்திருக்கக் கூடாது.

பயாலஜிக்கைத் தொடங்கும் முன் நம் நாட்டில் தாண்ட வேண்டிய வாசல் காசநோய். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். கிருமி நம்மில் பலர் உடலில் உறங்கிக் கிடக்கிறது, டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசிகள் அதை எழுப்பிவிடும். மார்பு எக்ஸ்ரே, மான்டூ அல்லது இரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் சோதனை ஆகியவை இல்லாமல் யாராவது முதல் ஊசியைப் போட முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உறங்கும் கிருமி இருந்தால் தடுப்பு மருந்தை ஒரு மாதமாவது எடுத்த பிறகே ஊசி.

விலையையும் மறைப்பதற்கில்லை. நகல் மருந்துகள் வந்த பிறகும் பயாலஜிக் என்பது மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய செலவு. நிறுத்தினால் சில மாதங்களில் படை திரும்பும். விட்டு விட்டுப் போட்டால் உடல் மருந்தையே எதிர்க்கப் பழகிப் பலன் குறையலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார்கள்; இ.எஸ்.ஐ.யில் ஒரு தொழிலாளியின் வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. காகிதத்தில் இது பெரிய வரம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போனால் இ.எஸ்.ஐ.யும் போகும், ஊசியும் நிற்கும். ஆகவே ஒரு வருஷத்துக்கு இந்த ஊசி தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவருக்கு, ஒழுங்காக எடுத்த மெத்தோட்ரெக்சேட்டும் தாராளமாகப் பூசிய களிம்பும் அரைகுறை பயாலஜிக்கைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன். 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி வைத்தியமும் இருக்கிறது, நல்ல பலன் தரும். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஷிஃப்ட்காரருக்கு யார் விடுப்பு தருவார்கள் என்பதுதான் சிக்கல்.

ஸ்ரீ சிட்டியில் ஆலை நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்பது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதி. பயாலஜிக் ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில், உறையவிடாமல் வைக்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் ஃபிரிட்ஜ் இருக்காது. மருத்துவ அறை ஃபிரிட்ஜில் ஒரு தட்டைத் தொழிலாளியின் மருந்துக்கு ஒதுக்குங்கள். இரத்தப் பரிசோதனைக்கு மாதம் அரை நாள், சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள். தோலைக் காரணம் காட்டி யாரையும் வரிசையிலிருந்து விலக்காதீர்கள்.